கடல் தண்ணி வெளிச்சம்

நான் நாடகக்காரன் இல்லை. நாடகக்காரனுக்கு வெளிச்சம் போட்டவன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, துறைமுகத்தில் மின்சார வேலை செய்கிறவர்களுக்குப் பின்னால் வயர்ச் சுருள் தூக்கிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பழக்கத்தில் கோயில் திருவிழாக்களுக்கு லைற் கட்டப் போய், ஒருநாள் நாடக மேடையின் ஓரத்தில் குந்தினேன். குந்தியவன் பிறகு எழும்பவில்லை. அதனால் நடிப்பைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. நாங்கள் அண்ணை என்று கூப்பிடுகிற ஒரு நடிகரின் முகத்தைப் பற்றிச் சொல்லத் தெரியும். அண்ணையின் அந்த முகத்தை அவருடைய மனைவியைவிட நான்தான் அதிகம் பார்த்திருக்கிறேன் என்று சொன்னால் அக்கா கோபிப்பா. ஆனால் அதுதான் உண்மை. குசினியில் வேலையாக இருக்கிற பெண் புருஷனின் முகத்தை எத்தனை தடவை நிமிர்ந்து பார்ப்பாள்? எனக்குப் பார்க்கிறதுதான் வேலை.

அண்ணை துறைமுகக் களஞ்சியத்தில் இருந்தார். கயிறு, பெயின்ற், ஆணி, சாக்கு எல்லாம் அவரிடம்தான் வந்து வாங்க வேண்டும். கட்டையான உடம்பு, அகன்ற நெற்றி, இளந்தாரி வயதிலேயே வழுக்கை. நாயகன் வேஷம் அவருக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. அவர் கேட்டதுமில்லை. நாயகனுக்கு அப்பா, நாயகிக்கு மாமன், வட்டிக்காரன், கங்காணி, சுவாமியார், இன்ஸ்பெக்டர் என்று இப்படித்தான். நாடகம் முடிந்து போகிற சனம் நாயகனின் பாட்டைப் பாடிக்கொண்டு போகும். அடுத்தநாள் காலையில் சந்தையில் கதைக்கிறது இவரைப் பற்றி.

அவர் நடிப்பைப் படித்த இடம் அந்தக் களஞ்சிய வாசல்தான். ஒருவர் வந்து கயிறு கேட்பார். கயிற்றை எடுக்க அண்ணை உள்ளே போவார். போகிறபோது அண்ணை போகமாட்டார், கயிறு கேட்ட மனிசனே போவான். அதே தோள், அதே நடை, அதே விதமாகக் கழுத்தைச் சொறிகிற கை. வரிசையில் நிற்கிற நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்போம். கேட்ட மனிசனுக்கு மட்டும் ஒன்றும் விளங்காது. தன்னுடைய முதுகை எவன் கண்டான்?

ஒருமுறை புதிதாக ஒரு மேற்பார்வையாளர் வந்திருந்தார். சிடுசிடுத்த மனிசன். அண்ணை அவரைப்போல நடந்து உள்ளே போகிறார், அந்த மனிசனோ பக்கத்துக் கதவால் வந்து பின்னால் நிற்கிறார். அண்ணையின் வேலை போனது என்றுதான் நாங்கள் நினைத்தோம். மேற்பார்வையாளர் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, மெல்லக் கேட்டார், "நான் இப்பிடியே நடக்கிறனான்?"

அண்ணை திரும்பி, மரியாதையாகச் சொன்னார். "ஓம் சேர். உங்களுக்கு இடது முழங்கால் நோகுது. நீங்கள் அதை ஒருத்தருக்கும் சொல்லயில்லை."

அடுத்த கிழமை அந்த மனிசன் களஞ்சியத்துக்கு வந்தது கயிற்றுக்கில்லை. முழங்காலுக்கு எந்த எண்ணெய் நல்லது என்று கேட்க. அதற்குப் பிறகு அவர் எங்கள் நாடகங்களுக்கு முன்வரிசையில் இருந்தார். அண்ணை மேடைக்கு வந்தவுடன் தன் முழங்காலைத் தடவுவார். நான் மேடையோரத்திலிருந்து கண்டிருக்கிறேன்.

இனி அந்தக் கடல் தண்ணிக் கதையைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் மற்றது விளங்காது.

அந்த நாளில் மேடை வெளிச்சத்தை மெல்ல மெல்லக் கூட்டிக் குறைக்க எங்களிடம் மிஷின் ஒன்றும் இல்லை. ஒரு பெரிய சாடி நிறையத் தண்ணீர் ஊற்றி, ஒரு கை உப்புப் போடுவோம். சாடியின் அடியில் ஒரு தகடு, அதில் ஒரு வயர். மேலே கயிற்றில் தொங்குகிற இன்னொரு தகடு, அதில் மற்ற வயர். தொங்குகிற தகட்டைத் தண்ணிக்குள் இறக்க இறக்க வெளிச்சம் கூடும். தூக்கத் தூக்கக் குறையும். கை பிசகினால் ஆள் போய்விடும். ஆனால் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு விடியலை விடிய வைக்கிற சந்தோஷம் இருக்கிறதே, அதை நான் வேறு ஒன்றிலும் கண்டதில்லை. முகத்தில் முதலில் மூக்கு வரும். பிறகு நெற்றி. கண் கடைசியில்.

சல்லி என்கிற மீன்பிடிக் கிராமத்தின் கடற்கரையில் ஒரு கோயில் திருவிழா. அண்ணைக்குத் தகப்பன் வேஷம். கடலுக்குப் போன பிள்ளையை எதிர்பார்த்துக் கரையில் இருக்கிற கிழவன். இருட்டில் இருக்கிற கிழவனுக்கு மெல்ல விடிய வேண்டும். அன்றைக்கு நல்ல தண்ணிக்குத் தட்டுப்பாடு. கிணறு தூரம். கடல் காலடியில் கிடக்கிறது. உப்புப் போடத்தானே போகிறோம், கடலிலேயே உப்பிருக்கிறதே என்று எல்லாருமாக யோசித்து, வாளி வாளியாகக் கடல் தண்ணியை அள்ளிச் சாடியை நிரப்பினோம். கரையில் பிறந்த ஆட்கள்தான் இப்படி யோசிப்பார்கள். கண்டியில் இருக்கிறவனுக்கு இந்தப் புத்தி வராது. அவனுக்குக் கடல் இல்லை.

ஒரு கை உப்பு எங்கே, ஒரு கடல் உப்பு எங்கே? தகட்டின் நுனி தண்ணியில் பட்டதுதான் தாமதம். படீரென்று முழு வெளிச்சம். விடியவேண்டிய இடத்தில் உச்சி வெயில் அடித்தது. என் கை கயிற்றோடு விறைத்துப் போனது. சனம் ஒருகணம் சிரிக்கப் பார்த்தது.

அண்ணை சிரிப்புக்கு இடம் கொடுக்கவில்லை. அந்த வெளிச்சம் தன்னை அடித்ததுபோல ஒருக்கால் பின்னுக்குச் சாய்ந்தார். பிறகு கையைத் தூக்கிக் கண்ணுக்கு மேலே வைத்தார். கண் கூசுகிற கிழவன், கூச்சம் தெளியும்வரைக்கும் இருந்து, அதே கையின் கீழால் கடலைத் தேடினார். ஒரு சொல் சொல்லவில்லை. இரவு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்து, எப்போது விடிந்தது என்று தெரியாமல் போன தகப்பன். அவ்வளவும் அந்தக் கையில் இருந்தது. முன்னுக்கு மணலில் இருந்த பெண்கள் சேலைத் தலைப்பை வாய்க்குக் கொண்டுபோனார்கள். அந்தக் கரையில் எல்லா வீட்டிலும் கடலுக்குப் போன ஆள் இருக்கிறான்.

நாடகம் முடிந்தால் அவர் நேரே என்னிடம்தான் வருவார். வந்து ஒரே கேள்வி, "கூடிப்போச்சோ?" நடிப்புக் கூடிவிட்டதா என்று. நான் எப்போதும் "கொஞ்சம்" என்று சொல்வேன். அது எங்களுக்குள்ளே ஒரு பகிடி. அன்றைக்கு அவர் வாய் திறக்க முன்னம் நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் முகப்பூச்சை வழித்துக்கொண்டு சொன்னார்.

"அடுத்த முறையும் கடல் தண்ணியையே ஊத்து."

அடுத்த முறை நல்ல தண்ணிதான் ஊற்றினேன். ஆனால் அந்தச் சொல் எங்களோடு தங்கிவிட்டது. அவர் வாழ்க்கையில் ஏதாவது பிழையாகப் போய், அதை மறைக்கச் சொல்லி ஆராவது சொன்னால், என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். "ஊத்து" என்பார்.

படத்திலும் நடித்தார். இங்கே தமிழில் எடுத்த படங்கள் கொஞ்சம். சிங்களப் படங்களில் ஒரு தமிழ் முதலாளி வேண்டுமென்றால் கொழும்புக்குக் கூப்பிடுவார்கள். ஒரு படத்தில் இவர் அடகுக் கடைக்காரர். படம் எங்கள் ஊர்த் தியேட்டருக்கு வந்தபோது துறைமுக ஆட்கள் பாதிப்பேர் போயிருந்தோம். படம் ஓடுகிறது, ஓடுகிறது, அண்ணையைக் காணவில்லை. கடைசியில் நாயகி ஒரு சங்கிலியைக் கொண்டு கடைக்குள் போகிறாள். அங்கே மேசையில் ஒரு பிடரி. பிடரி மட்டும்தான். கமரா அவளுடைய முகத்தைப் பார்க்கிறது. அண்ணை முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறார். அவருடைய குரலைக்கூட வேறு ஒருத்தரைக் கொண்டு பேச வைத்திருந்தார்கள். எங்கள் வரிசை முழுக்கச் சத்தம் போட்டோம். அந்தச் சத்தத்துக்குள்ளும் நான் ஒன்றைக் கவனித்தேன். அவள் சங்கிலியை மேசையில் வைக்கிறபோது அந்தப் பிடரி கொஞ்சம், ஒரு சொட்டு, இறங்கியது. அந்த வட்டிக்காரனுக்கு வீட்டில் ஒரு மகள் இருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துபோனது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பிடரியில் என்ன எழுதியா இருக்கிறது?

பிறகு பிரச்சினைக் காலம் வந்தது, சண்டையும் ஊரடங்கும். பொழுதுபட்டால் வெளியே போக ஏலாது. நாடகம் இல்லாமல் எங்களுக்கு இருக்கவும் ஏலாது. அதனால் மத்தியானத்தில் போட்டோம். பள்ளிக்கூட மண்டபம், கோயில் வீதி, எங்கே இடம் விட்டார்களோ அங்கே. வெயிலில் எனக்கு என்ன வேலை? சும்மா சனத்தோடு சனமாக இருந்தேன். அதுவரைக்கும் எனக்குள்ளே ஒரு எண்ணம் இருந்தது. அண்ணையின் முகத்தில் வருகிறதெல்லாம் பாதி அவருடையது, பாதி என்னுடைய வெளிச்சம் என்று. அந்த மத்தியானங்களில் அது கழன்றது. மறைக்க இருட்டில்லை, காட்டப் பல்ப் இல்லை. காகம் கத்துகிறது, பிள்ளைகள் ஓடுகிறார்கள், வேர்வை வடிகிறது. வெறும் வெயிலில் அந்த மனிசன் நின்று வேறு ஒரு மனிசனாக மாறினார். கோயிலில் திரை விலகுகிறபோது சனம் கை கூப்புமே, அப்படி எனக்குக் கை தானாக எழும்பப் பார்த்தது. பக்கத்தில் இருந்தவன் பார்ப்பானென்று மடியில் வைத்துக்கொண்டேன்.

எங்கே விட்டேன்? ஓம். அண்ணையின் வருத்தம், அந்த நோய்.

அண்ணைக்குப் பாரிசவாதம் வந்தது அவர் வேலையால் ஓய்வெடுத்துக் கனகாலத்துக்குப் பிறகு. ஆஸ்பத்திரியால் வந்தபோது கால் இழுபட்டது, கை பாதி திரும்பியது. முகத்தின் இடது பக்கம் மட்டும் வரவில்லை. கண்ணுக்குக் கீழே கன்னம் இறங்கி, உதட்டின் மூலை தொங்கி, அந்தப் பக்கம் வேறு ஒருவரின் முகம்போல இருந்தது. பேச்சும் அப்படி. பானா மானா வராது. உதடு ஒட்டினால்தானே வரும்.

நாங்கள் எல்லாரும் அந்தப் பக்கத்தை மறைத்தோம். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை, ஆனால் செய்தோம். ஓர்ஸ் ஹில்லில் அவர்களுடைய வீட்டு முன்னறையில் அக்கா அவருடைய கதிரையைத் திருப்பிப் போட்டா. வாசலால் வருகிறவனுக்கு நல்ல பக்கம்தான் தெரியும். முகம் பார்க்கிற கண்ணாடியைக் கழற்றி அறைக்குள் வைத்தா. மகளின் கலியாணப் படத்தில் அவரைச் சரித்து நிற்க வைத்தார்கள். ஓட்டோவில் போனால் அவரை வலது பக்கத்து ஓரத்தில் ஏற்றுவா, நல்ல கன்னம் றோட்டுக்கு. நான் வெளிச்சக்காரன், என்னை விடுவேனா? போகிற வீட்டிலெல்லாம் எந்த யன்னலால் வெயில் வருகிறது என்று பார்த்து, அதற்குத் தோதாக அவரை இருத்துவேன். அண்ணை ஒன்றும் சொல்லவில்லை. இருத்தின இடத்தில் இருந்தார். நாங்கள் அன்பென்று நினைத்துச் செய்தது அது. ஒருத்தர்கூட அவரைக் கேட்கவில்லை.

போன வருஷம் மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து ஒரு இளம் நெறியாளர் வந்தார். படம் எடுக்கப் போகிறாராம், எங்கள் துறைமுகத்தில். சின்ன வயதில் தகப்பனின் தோளில் இருந்து அந்த மத்தியான நாடகம் ஒன்று பார்த்திருக்கிறார். அந்த முகத்தை மறக்கவில்லை. கனவருஷம் கழித்து வெளிநாட்டால் வருகிற மகனுக்காக இறங்குதுறையில் காத்திருக்கிற தகப்பன் வேஷம். ஒரே ஒரு காட்சி. அதற்கு அண்ணைதான் வேண்டும் என்று வந்திருந்தார்.

நல்ல பக்கத்தைப் பார்த்துக்கொண்டு சந்தோஷமாகக் கதைத்தார். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தா. தேத்தண்ணியை வாங்க அண்ணை மற்றப் பக்கம் திரும்பினார். நெறியாளரின் சிரிப்பு அப்படியே நின்றது. நல்ல பிள்ளை, ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. கேற்றடிக்கு வந்தபிறகுதான் என்னிடம் சொன்னார். "ஐயா, எனக்கு இவர்தான் வேணும். ஆனா காசு போடுறவைக்கு நான் பதில் சொல்லோணும். திங்கள் வாறன். ஒருக்கா வாசிச்சுப் பாப்பம். ஏலாட்டில் வேற ஒருத்தரைத்தான் பாக்க வேணும்."

நான் திரும்பி உள்ளே போனேன். அண்ணை கேட்டிருக்கிறார். யன்னல் திறந்துதான் கிடந்தது.

"தம்பி," என்றார். "அந்தக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வா."

அக்கா வேண்டாமென்று தலையாட்டினா. நான் கொண்டுவந்து முன்னறைச் சுவரில், அவர் காட்டின இடத்தில், பழைய ஆணியிலேயே மாட்டினேன். அவருக்கு அந்தப் படத்தில் நடிக்க வேண்டும். அதை அவர் வாயால் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரியும். கால் இழுபட்ட நாளிலிருந்து அவர் ஒன்றையும் கேட்டதில்லை. இதுதான் அவர் கேட்ட முதல் சாமான்.

திங்கள் வரைக்கும் நான் ஒவ்வொரு நாளும் உப்புவெளியில் என் வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்து போனேன். அவர் கண்ணாடிக்கு முன்னால் இருப்பார். இறங்கின கன்னத்தைத் தூக்கப் பயிற்சி செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. தூக்கவே இல்லை. பார்த்துக்கொண்டிருந்தார். களஞ்சிய வாசலில் கயிறு கேட்டு வந்தவர்களைப் பார்ப்பாரே, அதே பார்வை.

"என்ன அண்ணை செய்யிறியள்?" என்று கேட்டேன்.

"இவன் ஆரெண்டு பாக்கிறன்," என்றார்.

அக்காவுக்குப் பயம். எனக்கும்தான். குசினி வாசலில் வைத்து என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னா. "தம்பி, ஊர் முழுக்க இவரைப் பெரிய ஆளெண்டு பாத்த சனம். இப்ப பாத்துப் பாவம் எண்டு சொல்லக் கூடாது. அதை மட்டும் என்னால தாங்க ஏலாது. அந்தப் பக்கம் தெரியாமல் பாத்துக்கொள்ளுங்கோ." நான் வாக்குக் கொடுத்தேன். வெளிச்சம் என் கைக்குள் இருக்கிற சாமான் அல்லவா?

திங்கள் வந்தது. தாளில் இருந்த பேச்சு, "மகன், இவ்வளவு காலமும் எங்கையப்பா போனனீ?" அண்ணை சொன்னார். மகன் மகனாக வரவில்லை. அப்பாவும் வரவில்லை. காற்றுத்தான் வந்தது. இன்னொருக்கால் சொன்னார். நெறியாளர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா உள்ளே போய்விட்டா. அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் அது முடிந்துவிட்டது என்று தெரிந்தது. அண்ணைக்கு மட்டும் தெரியவில்லைபோல இருந்தார்.

"தம்பி," என்று நெறியாளரைக் கேட்டார். "வேற ஒண்டு சொல்லட்டோ?"

"சொல்லுங்கோ ஐயா."

அவர் ஆரோ வாசலில் வந்து நிற்கிறதுபோல நிமிர்ந்து பார்த்துச் சொன்னார். "சோறு இருக்கு."

அவ்வளவுதான். கோபம், இத்தனை வருஷம், ஏன் எழுதவில்லை, அம்மா உன்னைக் கேட்டுக் கேட்டுத்தான் போனாள், எல்லாம் அதற்குள்ளே இருந்தது. சோறும் இருந்தது. நெறியாளர் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். வெள்ளிக்கிழமை எடுப்போம் என்றார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் நான் அந்த வசனத்தை வாய்க்குள்ளே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அப்போதுதான் விளங்கியது. அந்த இரண்டு சொல்லுக்கும் உதடு ஒட்டவே தேவையில்லை. தனக்கு ஏலாத எழுத்தையெல்லாம் கழித்துவிட்டு, மிச்சத்தில் ஒரு தகப்பனைக் கண்டுபிடித்திருக்கிறார். கொண்டக்டர் பெடியன் பக்கத்தில் வந்து, "எங்கை ஐயா சோறு? இறங்கிற இடத்தைச் சொல்லுங்கோ," என்றான். நான் என் இறங்குமிடத்தை எப்போதோ கடந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமைக்கு முன்னம் நான் நெறியாளரைத் தனியப் போய்ச் சந்தித்து எல்லாவற்றையும் ஒழுங்குபண்ணினேன். பின்னேர வெயில் எங்கேயிருந்து வரும், அங்கே போட்டிருக்கிற நீட்டு மர வாங்கின் எந்தத் தலைப்பில் அவரை இருத்தினால் இடது பக்கம் நிழலுக்குள் போகும், கமரா எங்கே நின்றால் நல்ல கன்னம் மட்டும் விழும் என்று. அவரும் அதைத்தான் யோசித்தாராம். பாவம், அவருக்கும் அண்ணையில் அன்பு.

உள்துறைமுகத்தின் சின்ன இறங்குதுறை. லாஞ்சு ஒன்றை வாடகைக்கு எடுத்து நிறுத்தியிருந்தார்கள். மகனாக நடிக்கிற பெடியன் அதற்குள் பையோடு நின்றான். சனம் கூடிவிட்டது. பழைய துறைமுக ஆட்கள், தடியூன்றிக்கொண்டு வந்தவர்கள்கூட. ஊருக்குள் திரிகிற மான் ஒன்று வந்து, கமராக்காரர்கள் கல்லுக்குக் கீழே வைத்திருந்த கடுதாசியை இழுத்துச் சப்பத் தொடங்கியது. வெளியூர்ப் பெடியள் அதைப் படம் பிடித்தார்கள். எங்களுக்கு அது ஆடு மாடுபோலத்தான்.

அண்ணையை நான் கையில் பிடித்துக் கொண்டுபோய் வாங்கின் தலைப்பில் இருத்தினேன். அவர் இருந்தார். வெயிலைப் பார்த்தார். வெள்ளித் தாள் ஒட்டின தெறிப்புப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்ற பெடியனைப் பார்த்தார். கமராவைப் பார்த்தார். மேடையில் வெளிச்சம் எங்கேயிருந்து வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய மனிசன். எனக்கு அதை நினைக்கத் தோன்றவில்லை.

"டேய்," என்றார். "ஆர் என்னை இந்தப் பக்கம் இருத்தினது?"

அக்கா எனக்குப் பக்கத்தில் நின்றா.

அவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். கோபம் இல்லை. அந்தப் பழைய கண்ணடிப்பு, ஒரு கண்ணால் மட்டும் வந்தது. சொற்கள் நசிந்துதான் வந்தன. எனக்கு ஒவ்வொன்றும் விளங்கியது.

"கடல் தண்ணியை ஊத்து."

சொல்லிவிட்டுத் தடியை ஊன்றி எழும்பி, காலை இழுத்து இழுத்து வாங்கின் மற்றத் தலைப்புக்குத் தானே போனார். ஆரும் பிடிக்க விடவில்லை. போய் இருந்தார். இப்போது இறங்கின கன்னம் முழுக்கக் கமராவுக்கு, முழுக்க வெயிலுக்கு.

"ஐயா என்ன சொல்லுறார்?" என்று நெறியாளர் கேட்டார்.

"அந்தப் பக்கத்துக்கு வெளிச்சம் வேணுமாம்," என்றேன்.

நெறியாளர் அக்காவைப் பார்த்தார். அக்கா கடலைப் பார்த்தா. பிறகு அவர் பலகை பிடித்த பெடியனுக்குக் கையைக் காட்டினார். பெடியன் சுற்றிப் போய் நின்று பலகையைத் திருப்பினான். படீரென்று வெளிச்சம் அடித்தது. சல்லிக் கடற்கரையில் அடித்த அதே வெளிச்சம் என்று நான் சத்தியம் பண்ணுவேன்.

தொடங்கினார்கள். லாஞ்சால் பெடியன் இறங்கி வருகிறான். நானும் அக்காவும் இப்போது அண்ணையின் நல்ல பக்கத்தில் நிற்கிறோம். கமராவுக்குத் தெரியாத பக்கம். அந்தப் பக்கத்தால் அவர் என்ன செய்கிறார் என்று நான் பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. மெய்யாகவே ஒன்றும் செய்யவில்லை. அந்தக் கன்னமும் இறங்கியிருந்தது. உதட்டின் அந்த மூலையும் தொங்கியது. வருத்தம் ஒரு பக்கத்துக்குச் செய்ததை, அவர் மற்றப் பக்கத்துக்குத் தானே செய்திருந்தார். கண்ணாடியில் அத்தனை நாளும் அவர் படித்தது அதைத்தான். இரண்டு பாதியும் சேர்ந்து ஒரே மனிசன். பாரிசவாதக்காரன் அல்ல. காத்திருந்து காத்திருந்து முகமே இறங்கிப்போன ஒரு தகப்பன். நான் அத்தனை வருஷம் வெளிச்சம் போட்ட முகம் அது. அந்த மனிசனை நான் அன்றைக்குத்தான் முதன்முதலில் கண்டேன்.

பெடியன் கிட்ட வந்து நின்றான். அண்ணை பார்த்துக்கொண்டிருந்தார். இடது உதட்டு மூலையால் எச்சில் ஒரு நூலாக வழிந்து நாடிக்குக் கீழே தொங்கியது. பழக்கத்தில் அக்காவின் கை சேலைத் தலைப்போடு எழும்பியது. விருந்தாட்கள் முன்னால் அவ துடைக்கிற விதம் அது, ஒருத்தரும் காணாத கெதியில். நான் தடுக்கவில்லை. அவவேதான் கையை நிறுத்தினா. நிறுத்தி, தலைப்பைத் தன் வாய்க்குக் கொண்டுபோனா.

"சோறு இருக்கு," என்றார் அண்ணை.

நடிக்க வந்த அந்தப் பெடியன் அடுத்துச் சொல்ல வேண்டியதை மறந்து, பையைக் கீழே போட்டுவிட்டு, அப்படியே வாங்கின் முன்னால் நிலத்தில் இருந்துவிட்டான். அப்படிச் செய்யச் சொல்லித் தாளில் இல்லையாம். நெறியாளர் நிறுத்தச் சொல்லவில்லை. லாஞ்சின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கூடியிருந்த சனத்தில் ஒருத்தரும் பாவம் என்று சொல்லவில்லை. பழைய துறைமுக ஆட்களில் ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.

எல்லாம் முடிந்தபிறகு அண்ணை என்னைத் தேடினார். நான் கிட்டப் போனேன்.

"கூடிப்போச்சோ?" என்றார். போவன்னா வரவில்லை. வராவிட்டால் என்ன.

நான் "கொஞ்சம்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். பழைய பகிடி. வாய்க்குள் சொல் இருந்தது, வெளியே வரவில்லை. எனக்கும் அன்றைக்கு உதடு ஒட்டவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவர் என் முகத்தைப் பார்த்து அதை அறிந்துகொண்டார். தலையை ஆட்டினார்.

படம் இன்னும் வரவில்லை. வெட்டி ஒட்டுகிறார்களாம். அது எப்போது வந்தாலும் வரட்டும்.

அன்று வீட்டுக்குப் போக ஓட்டோ பிடித்தோம். நான் வழமைபோல அவரைக் கொண்டுபோய் வலது பக்கத்து ஓரத்தில் ஏற்றப் பார்த்தேன். அக்கா என் கையை மெல்ல விலக்கினா. தான் முதலில் ஏறி, வலது பக்கத்து ஓரத்தில் போய் இருந்தா. அண்ணையை மற்றப் பக்கத்தால் ஏற்றச் சொன்னா. அவர் ஏறியிருந்தார். இறங்கின கன்னம் றோட்டுக்கு.

ஓட்டோ சனம் நிறைந்த சந்தைக்கு முன்னால் போனபோது, அவ சாரதியிடம், "தம்பி, மெதுவாப் போங்கோ," என்றா.